வாங்கிய பாட்டு எல்லாக் கருவியிலும் பாடுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் கம்ப்யூட்டரும் செல்போனும் பழுதுபார்க்கும் சின்னக் கடை என்னுடையது. திரை உடைந்தது, சார்ஜ் ஏறவில்லை என்று வருகிறவர்களுக்கு அடுத்தபடியாக வருகிறவர்கள், இரண்டு கருவிகளை மேசையில் வைத்து, "அண்ணாச்சி, காசு கொடுத்து வாங்கிய பாட்டு. இதில் பாடுகிறது, அதில் பாடவில்லை" என்பவர்கள்தான். ஒரே பதிலை ஒரே நாளில் நான்கு முறை சொல்லி அலுத்துப்போய் இதை எழுதி வைத்தேன். பாட்டு விற்கும் எந்தக் கடையோடும் எனக்குக் கொடுக்கல் வாங்கல் கிடையாது.

போனில் பாடுகிற பாட்டு காரில் ஏன் பாடவில்லை?

பெரும்பாலும் குற்றம் பாட்டின் மேல் இல்லை, பென் டிரைவின் மேல்தான்.

ஆலங்குளத்திலிருந்து ஒருவர் வந்தார். மகன் வாங்கிக் கொடுத்த புதிய 64 ஜி.பி. பென் டிரைவ். வீட்டுக் கம்ப்யூட்டரில் செருகினால் பாட்டுகள் வரிசையாகத் தெரிகின்றன. காரில் செருகினால் ஸ்டீரியோ சற்று நேரம் விழித்துவிட்டு, கோப்பு எதுவும் இல்லை என்கிறது. மூன்று முறை பாட்டுகளை அழித்து மறுபடி ஏற்றியிருக்கிறார். ஸ்டீரியோவையே மாற்றிவிடலாம் என்று வண்ணார்பேட்டையில் விலை விசாரித்துவிட்டுத்தான் என்னிடம் வந்தார். நான் செய்தது ஒன்றுதான்: என் மேசை டிராயரில் கிடந்த பழைய 16 ஜி.பி. பென் டிரைவில் அதே பாட்டுகளில் பத்தைப் போட்டுக் கொடுத்தேன். வாசலில் நின்ற காரில் செருகியதும் பாட்டு வந்துவிட்டது. அவருக்கு மகிழ்ச்சியைவிட, விலை விசாரித்த வெட்கம்தான் அதிகமாக இருந்தது.

பென் டிரைவுக்குள் கோப்புகளை அடுக்கும் முறைகள் பல உண்டு. ஃபேட்32 பழையது, எக்ஸ்ஃபேட் பின்னால் வந்தது, என்.டி.எஃப்.எஸ். விண்டோஸின் சொந்த முறை. பல கார் ஸ்டீரியோக்களுக்கு ஃபேட்32 மட்டுமே படிக்கத் தெரியும். ஆனால் 32 ஜி.பி.க்கு மேற்பட்ட மெமரி கார்டுகள் எக்ஸ்ஃபேட் முறையில் வருகின்றன. பெரிய பென் டிரைவ்களும் பெரும்பாலும் அப்படித்தான். அதை ஃபேட்32 ஆக மாற்றலாம் என்றால், விண்டோஸின் வழக்கமான ஃபார்மட் பெட்டி 32 ஜி.பி.க்கு மேல் அந்த வாய்ப்பையே நீண்ட காலமாகக் காட்டுவதில்லை. தனி மென்பொருள் வேண்டும். என்னைக் கேட்டால் அந்தச் சிரமமே வேண்டாம், காருக்கென்று 32 ஜி.பி. பென் டிரைவ் ஒன்று வாங்கிவிடுங்கள். ஐந்து நிமிடப் பாட்டு உயர்ந்த தர எம்.பி.3 ஆக இருந்தாலும் 12 எம்.பி.தான். அப்படி 2,600 பாட்டுகள் அதில் பிடிக்கும். திருநெல்வேலியிலிருந்து சென்னைக்கு 11 மணி நேரப் பயணம் என்று வைத்துக்கொண்டால், ஏறத்தாழ 20 முறை போகும் வரை ஒரு பாட்டும் திரும்ப வராது.

பென் டிரைவ் சரியாக இருந்தும் சில பாட்டுகள் மட்டும் பாடவில்லை என்றால் அந்தக் கோப்பின் வகையைப் பாருங்கள். எம்.பி.3 பாடும், எம்4ஏ பாடாது, ஃபிளாக் பாடவே பாடாது என்கிற ஸ்டீரியோக்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. வகையும் சரி என்றால், பாட்டில் பூட்டு இருக்கிறது. அதைக் கீழே சொல்கிறேன்.

மாதா மாதம் பணம் கட்டுகிறேன், பாட்டுகளை டவுன்லோடும் செய்து வைத்திருக்கிறேன். அவற்றைப் பென் டிரைவில் போட முடியவில்லையே?

முடியாது. நீங்கள் வாங்கவில்லை, வாடகைக்கு இருக்கிறீர்கள். ஸ்பாட்டிஃபை போன்ற சேவைகளில் "டவுன்லோடு" என்று ஒரு பொத்தான் இருப்பதுதான் இந்தக் குழப்பத்துக்கெல்லாம் காரணம். அங்கே இறங்குவது அந்தச் செயலி மட்டுமே திறக்கக்கூடிய, மறையாக்கம் செய்யப்பட்ட துண்டுகள். போனின் கோப்புறைகளைத் துழாவினாலும் பாட்டு என்று சொல்லும்படி ஒன்றும் கிடைக்காது.

ஸ்பாட்டிஃபையில் கட்டணச் சந்தாவில் ஒரு கருவிக்கு 10,000 பாட்டுகள் வரை, 5 கருவிகளில் இறக்கி வைக்கலாம். ஆனால் 30 நாளுக்கு ஒரு முறையாவது இணையத்தோடு சேர வேண்டும். மாஞ்சோலைப் பக்கம் நாள்கணக்கில் தங்கி வேலை செய்த ஒருவர், மலையில் இருந்தபோது ஒரு நாள் பாட்டெல்லாம் நின்றுவிட்டது என்று போனைக் கொண்டுவந்தார். போனில் பழுதே இல்லை. சிக்னல் இல்லாத இடத்தில் கெடு முடிந்துவிட்டது, அவ்வளவுதான்.

வாடகை தவறு என்று நான் சொல்லவில்லை. நானும் கட்டுகிறேன். புதுப்பாட்டு கேட்க அதைவிட மலிவான வழி இல்லை. ஆனால் பத்து வருடம் கழித்தும் கேட்பேன் என்று தெரிந்த பாட்டை வாங்கி வைப்பதுதான் முறை.

அப்படியானால் எங்கே வாங்கினால் கோப்பே கைக்கு வரும்?

ஆப்பிளின் ஐடியூன்ஸ் கடை இந்தியாவுக்கு 2012 டிசம்பரில் வந்தது. அங்கே வாங்கும் பாட்டு 256 கே.பி.பி.எஸ். (நொடிக்கு இத்தனை கிலோபிட் என்ற கணக்கு) ஏ.ஏ.சி. வகையில், பூட்டு இல்லாமல் வருகிறது. கோப்பின் பெயர் எம்4ஏ என்று முடியும். ஆப்பிள் கருவி இருந்தால்தான் பாடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, ஆண்ட்ராய்டு போன் எல்லாவற்றிலும் பாடும். பேண்ட்கேம்ப் என்ற தளம் 2008 முதல் இருக்கிறது. இசைக்கலைஞர்களே நேரடியாக விற்கும் இடம் அது. ஒரு முறை பணம் கட்டினால் எம்.பி.3, ஏ.ஏ.சி., ஃபிளாக் என்று வேண்டிய வகையில் எத்தனை முறை வேண்டுமானாலும் இறக்கலாம். சினிமாப் பாட்டு தேடினால் அங்கே அதிகம் அகப்படாது. சுயாதீனக் கலைஞர்கள் அகப்படுவார்கள்.

குறுந்தகட்டை மறந்துவிடாதீர்கள். அலமாரியில் தூசி படிந்து கிடக்கும் சி.டி.தான் உங்களிடம் இருப்பதிலேயே தரமான கோப்பு. அதில் பூட்டும் இல்லை, கெடுவும் இல்லை.

நம் நாட்டிலேயே பிறந்த பாட்டுக் கடைகளும் இருந்தன. ஃபிளிப்கார்ட் 2012-ல் ஃபிளைட் என்ற பெயரில் எம்.பி.3 விற்கத் தொடங்கி 2013-ல் மூடியது. கூகுள் 2016-ல் இங்கே பாட்டு விற்கத் தொடங்கி, 2020 முடிவதற்குள் அந்தச் சேவையையே நிறுத்திவிட்டது. இரண்டு இடத்திலும் மூடுவதற்கு முன் எடுத்துக்கொள்ளுங்கள் என்று அவகாசம் கொடுத்தார்கள். அறிவிப்பு மின்னஞ்சலைத் திறந்து பார்த்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஆகவே வாங்கிய அன்றே கம்ப்யூட்டரில் இறக்கிவிடுங்கள். கடையின் கணக்கில் கிடக்கும் பாட்டு, பிறர் வீட்டுக் குதிரில் போட்டு வைத்த நெல் மாதிரிதான்.

அமெரிக்காவில் இருக்கும் மகன் 2006-ல் ஐடியூன்ஸில் வாங்கிக் கொடுத்த பாட்டுகள் பழைய ஐபாடில் (ஆப்பிளின் பாட்டுக் கருவி) மட்டும் பாடுகின்றன. ஆண்ட்ராய்டில் ஏன் பாடவில்லை?

அவைதான் பூட்டிய பாட்டுகள். ஐடியூன்ஸ் கடை 2003 ஏப்ரலில் அமெரிக்காவில் திறந்தபோது, ஒவ்வொரு பாட்டிலும் ஃபேர்பிளே என்ற பூட்டைப் போட்டே விற்றார்கள். வாங்கியவரின் கணக்கில் சேர்ந்த 5 கம்ப்யூட்டர்களிலும், அவற்றோடு இணையும் ஐபாடுகளிலும் மட்டும் திறக்கும். பூட்டுப் போடச் சொன்னவை பாட்டுக் கம்பெனிகள். அதனால் லாபம் அடைந்தது ஆப்பிள்தான், ஏனென்றால் பாட்டு வாங்கியவர்கள் மற்ற கம்பெனிக் கருவிக்குப் போக முடியவில்லை. மைக்ரோசாஃப்ட் பக்கம் இதைவிட வேடிக்கை. 2004-ல் "ப்ளேஸ் ஃபார் ஷ்யூர்" என்று, நிச்சயம் பாடும் என்ற பொருளில் ஒரு முத்திரையைக் கொண்டுவந்தார்கள். 2006-ல் அவர்களே வெளியிட்ட ஜூன் என்ற கருவியில் அந்த முத்திரைப் பாட்டுகள் பாடவில்லை.

2007-ல் இ.எம்.ஐ. என்ற பாட்டுக் கம்பெனி முதலில் பூட்டைக் கழற்றியது. 2009-ல் ஐடியூன்ஸ் கடை முழுவதும் பாட்டுகளுக்குப் பூட்டு போய்விட்டது. ஆனால் அதற்கு முன் வாங்கியவை வாங்கியபடியேதான் இருக்கும்.

கோப்பின் பெயரில் கடைசி எழுத்தைப் பாருங்கள். எம், 4 இவற்றுக்குப் பிறகு 'ஏ' இருந்தால் (m4a) திறந்த பாட்டு, 'பி' இருந்தால் (m4p) பூட்டு. 'பி' என்றால் முதலில் செய்ய வேண்டியது, மகனுடைய அதே கணக்கில் நுழைந்து, வாங்கிய பட்டியலிலிருந்து திரும்ப இறக்கிப் பார்ப்பது. அந்தப் பாட்டு இன்னும் கடையில் இருந்தால் பூட்டில்லாத 256 கே.பி.பி.எஸ். கோப்பாகவே வரும். முன்பு வாங்கியது 128 என்பதால் தரமும் கூடுகிறது. பழைய கோப்பை வேறு இடத்துக்கு நகர்த்தி வைத்துவிட்டுத்தான் இறக்க வேண்டும். இல்லாவிட்டால் ஏற்கெனவே இருக்கிறது என்று கம்ப்யூட்டர் சொல்லிவிடும். பாவூர்சத்திரத்துப் பெரியவர் ஒருவருக்கு இப்படி உட்கார்ந்து இறக்கிக் கொடுத்தேன். மகன் அமெரிக்காவிலிருந்து போனில் சரிபார்ப்பு எண்ணைச் சொல்லச் சொல்ல, அப்பா ஒவ்வொரு இலக்கமாகத் திருப்பிச் சொல்ல, ஒரு வழியாக வந்து சேர்ந்தது.

கடையிலிருந்தே எடுக்கப்பட்ட பாட்டென்றால், ஐடியூன்ஸிலேயே சாதாரண ஆடியோ சி.டி.யாக எரித்து, அதைத் திரும்பக் கோப்பாக எடுக்கலாம். பூட்டிய பாட்டுக்கே அனுமதித்த வழி அது. தரம் கொஞ்சம் அடிபடும்.

பூட்டை உடைக்கும் மென்பொருள் இருக்கிறதாமே?

இருக்கிறது. நான் கடையில் செய்து கொடுப்பதில்லை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-ல் 65ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு இத்தகைய பூட்டை உடைத்தால் 2 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. சட்டம் தடை செய்யாத நோக்கத்துக்காகச் செய்வதற்கு விலக்கும் அதே பிரிவில் இருக்கிறது. வாங்கியவர் தன் சொந்தக் காதால் கேட்பது எந்தப் பக்கம் சேரும் என்பதை வக்கீல்கள் பேசட்டும். எனக்கு வேறு கவலை: இலவசமாகப் பூட்டு உடைப்பதாகச் சொல்லும் மென்பொருள்களை நிறுவிவிட்டு, வைரஸோடு என் கடைக்கு வந்த கம்ப்யூட்டர்கள் பல.

எம்.பி.3, ஏ.ஏ.சி., ஃபிளாக். எதில் வாங்கி வைப்பது?

கிடைத்தால் ஃபிளாக். ஏன் என்று கேட்கிறவர்களுக்கு நான் நெல்லை வைத்துத்தான் சொல்வேன், ஊரின் பெயரே அதுதானே. ஃபிளாக் என்பது விதைநெல். சி.டி.யில் இருக்கும் ஒலி ஒரு துளியும் குறையாமல், இடம் மட்டும் ஏறத்தாழ பாதியாகச் சுருங்கி இருக்கிறது. எம்.பி.3யும் ஏ.ஏ.சி.யும் குத்திய அரிசி. உமியும் தவிடும் போய்விட்டன, சமைத்துச் சாப்பிட அதுதான் வசதி. ஆனால் அரிசியிலிருந்து நெல்லுக்குத் திரும்ப முடியாது. "எம்.பி.3யை ஃபிளாக்காக மாற்றிக் கொடுங்கள், தரம் கூடட்டும்" என்று கேட்டு வருகிறவர்கள் உண்டு. மாற்றலாம். கோப்பு பெருக்கும், ஒலி அதேதான்.

கணக்குக்கு ஐந்து நிமிடப் பாட்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். சி.டி.யில் நொடிக்கு 1,411 கிலோபிட், அதாவது சுமார் 53 எம்.பி. ஃபிளாக்கில் 30 எம்.பி. அளவுக்கு வரும், இசையைப் பொறுத்து முன்னே பின்னே. 320 கே.பி.பி.எஸ். எம்.பி.3யில் 12. 128-ல் 5-க்கும் குறைவு. ஃபிளாக்கைக் கம்ப்யூட்டரில் விதையாக வைத்துக்கொண்டு, காருக்கும் பட்டன் போனுக்கும் வேண்டியபோது எம்.பி.3 குத்திக்கொள்ளுங்கள். ஏ.ஏ.சி.யிலிருந்து எம்.பி.3, எம்.பி.3யிலிருந்து வேறொன்று என்று மாற்றிக்கொண்டே போகாதீர்கள். ஒவ்வொரு முறையும் நொய் கூடும்.

எம்.பி.3 செத்துவிட்டது என்று படித்தேனே?

2017 ஏப்ரலில் ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் நிறுவனம் எம்.பி.3க்கு உரிமம் கொடுப்பதை நிறுத்தியது. காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதால் உரிமம் வாங்க வேண்டிய தேவையே போய்விட்டது. பத்திரிகைகள் அதை மரணச் செய்தியாகப் போட்டன. உண்மையில் அன்றுதான் எம்.பி.3க்கு விடுதலை.

ஆண்ட்ராய்டு போனுக்கும் ஐபோனுக்கும் எப்படி ஏற்றுவது?

ஆண்ட்ராய்டில் பெரிய வேலை இல்லை. கேபிளால் கம்ப்யூட்டரில் இணைத்து, போனில் மேலிருந்து இழுத்தால் வரும் அறிவிப்பில் "கோப்புப் பரிமாற்றம்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். இதைச் செய்யாமல், "சார்ஜ் மட்டும்தான் ஏறுகிறது, கம்ப்யூட்டரில் போன் தெரியவில்லை" என்று வருகிறவர்கள் ஏராளம். பிறகு பாட்டுகளை மியூசிக் கோப்புறையில் போட்டால் முடிந்தது. எம்.பி.3, ஏ.ஏ.சி., ஃபிளாக் மூன்றும் பாடும். சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவுக் கேபிள்களும் சந்தையில் உண்டு. அதில் தலைகீழாக நின்றாலும் கோப்பு போகாது.

ஐபோனில் பாட்டைக் கோப்புறையில் போட்டுவிட்டு நகர முடியாது. கம்ப்யூட்டரில் ஆப்பிளின் மென்பொருளில் பாட்டைச் சேர்த்து, அங்கிருந்து போனுக்கு ஒத்திசைக்க வேண்டும். அந்த நூலகத்துக்குள் ஃபிளாக்கை அது எடுத்துக்கொள்ளாது. ஆப்பிளுக்குச் சொந்தமாக ஏ.எல்.ஏ.சி. என்ற விதைநெல் இருக்கிறது. ஃபிளாக்கிலிருந்து அதற்கு மாற்றினால் தரம் குறையாது, நெல்லை ஒரு மூட்டையிலிருந்து இன்னொரு மூட்டைக்கு மாற்றுவது போலத்தான். இவ்வளவுக்குப் பொறுமை இல்லாதவர்களுக்கு நான் வி.எல்.சி. என்ற இலவசச் செயலியைப் போட்டுக் கொடுக்கிறேன். அதற்குள் எந்த வகைக் கோப்பையும் நேராகப் போடலாம்.

ஒத்திசைக்கும்போது ஒரு எச்சரிக்கை. வேறொரு கம்ப்யூட்டரில் இணைத்தால், பழைய பாட்டுகளை அழித்துவிட்டுப் புதியதைப் போடட்டுமா என்று கேட்கும். படிக்காமல் 'சரி' அழுத்திவிட்டு அழுதவர்கள் உண்டு.

பழைய ஐபாடுக்குள் இருக்கும் பாட்டுகளை வெளியே எடுக்க முடியுமா? கம்ப்யூட்டர் போய்விட்டது.

முடியும். ஐபாடைக் கம்ப்யூட்டரில் சாதாரண டிரைவ் போலத் திறந்து, மறைந்திருக்கும் கோப்புறைகளைக் காட்டச் சொன்னால் 'ஐபாட் கன்ட்ரோல்' என்று ஒன்று தெரியும். அதற்குள் பாட்டுகள் நான்கெழுத்து அர்த்தமில்லாத பெயர்களோடு சிதறிக் கிடக்கும். பயப்பட வேண்டாம். எல்லாவற்றையும் நகலெடுத்து ஒரு பாட்டு மென்பொருளில் சேர்த்தால், கோப்புக்குள்ளே பதிந்திருக்கும் விவரத்தைப் படித்துப் பெயர்கள் திரும்ப வந்துவிடும். தொடுதிரை ஐபாடுக்கு இந்த வழி செல்லாது. ஐபாட் தயாரிப்பையே 2022-ல் ஆப்பிள் நிறுத்திவிட்டது. உள்ளே இருப்பது ஹார்டு டிஸ்க் என்றால் நாளைக்கு என்று தள்ளிப்போடாதீர்கள்.

ஆச்சியின் பட்டன் போனில் போட வேண்டும்.

32 ஜி.பி.க்கு உட்பட்ட மெமரி கார்டு, எம்.பி.3, கோப்புப் பெயர் ஆங்கில எழுத்தில். வேறு எதையும் பரிசோதிக்க வேண்டாம். பாட்டுகளை ஐம்பதுக்குள் வைத்தால் ஆச்சி சந்தோஷமாகக் கேட்பார்கள். ஆயிரம் போட்டுக் கொடுத்தால் முதல் பத்தைத் தாண்டமாட்டார்கள்.

பாட்டுகள் வரிசை மாறி வருகின்றன. கம்ப்யூட்டரில் சரியாகத்தானே இருந்தது?

ஊர்க் கொடைக்காக ஒருவர் வில்லுப்பாட்டுக் குறுந்தகடுகளை எம்.பி.3 ஆக்கி, மைக் செட்டில் செருகப் பென் டிரைவில் கொண்டுபோனார். பன்னிரண்டு பகுதிகள். இரவு சுடலைமாடன் கதை தொடங்கியது. கைலாயத்தில் மாடன் பிறக்கும் பகுதி வருவதற்கு முன்பே அவர் மலையாளக் கரைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார். கேட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எழுந்து வந்து, "கதையைக் கெடுத்தால் சாமி குற்றம்" என்று சத்தம் போட்டாராம்.

நடந்தது இதுதான். கம்ப்யூட்டர் கோப்புகளைப் பெயர்வாரியாக அடுக்கிக் காட்டுகிறது. மலிவான பாட்டுப் பெட்டிகள் பல அப்படி அடுக்குவதில்லை; பென் டிரைவில் எந்த வரிசையில் எழுதப்பட்டதோ அந்த வரிசையில் பாடும். மொத்தமாகப் பிடித்து இழுத்துப் போட்டால் எழுதப்படும் வரிசை எப்படியும் அமையலாம். பெயர்வாரியாக அடுக்கும் பெட்டிகளிலும் 1-க்குப் பிறகு 10, 11, 12 வந்து அப்புறம்தான் 2 வரும், ஏனென்றால் அது எண்ணாகப் பார்க்காமல் எழுத்தாகப் பார்க்கிறது. ஆகவே 01, 02 என்று இரண்டு இலக்கத்தில் பெயரிடுங்கள். பென் டிரைவைக் காலி செய்துவிட்டு ஒவ்வொன்றாக, வரிசைப்படி நகலெடுங்கள். பன்னிரண்டு கோப்புக்கு ஐந்து நிமிடம் ஆகும், சாமி குற்றமும் வராது.

பாட்டின் பெயரைத் தமிழில் வைத்தால் கட்டம் கட்டமாகத் தெரிகிறதே?

இரண்டு காரணம். கருவியில் தமிழ் எழுத்துருவே இல்லாமல் இருக்கலாம். அதற்கு நாம் செய்யக்கூடியது எதுவும் இல்லை.

மற்றது சுவாரஸ்யமானது. எம்.பி.3 கோப்புக்குள் பாட்டின் பெயர், பாடியவர் பெயர் எல்லாம் பதிவு செய்ய ஐடி3 என்ற ஒரு சீட்டு இருக்கிறது. அதன் முதல் பதிப்பில் பாட்டின் பெயருக்கு ஒதுக்கிய இடம் 30 பைட். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் என்பதால் அவர்களுக்கு 30 எழுத்து. இன்று நாம் பயன்படுத்தும் யூனிகோடு தமிழை யு.டி.எஃப்.-8 முறையில் அதில் திணித்தால் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட் ஆகும். கொம்பு, புள்ளி, கால் எல்லாமே தனித்தனிக் குறிகள். "காந்திமதி" என்று எழுதினால் 9 குறி, 27 பைட். அம்மன் சரியாக உட்கார்ந்துவிடுவாள். "நெல்லையப்பர்" என்றால் 12 குறி, 36 பைட். சுவாமிக்கு இடம் போதாது, "நெல்லையப்ப" என்பதோடு வெட்டுப்பட்டு நிற்பார்.

இரண்டாம் பதிப்பில் இந்த நெருக்கடி இல்லை. பெயர் மாற்றும் மென்பொருளின் அமைப்பில் ஐடி3 2.3 பதிப்பு, யு.டி.எஃப்.-16 என்று தேர்ந்தெடுத்துச் சேமியுங்கள். பெரும்பாலான கருவிகளுக்கு அது புரிகிறது. அதற்கும் கட்டம் வந்தால் காருக்கான நகலில் மட்டும் ஆங்கில எழுத்தில் பெயர் வையுங்கள். விதைக் கோப்பில் தமிழ் இருக்கட்டும். டிஸ்கி, பாமினி போன்ற பழைய எழுத்துருக் காலத்தில் பெயரிட்ட கோப்புகள் என்றால் முதலில் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும்.

நாதஸ்வரக் கச்சேரி வாங்கினேன். ஆலாபனை முடிந்து கீர்த்தனை தொடங்கும் இடத்தில் ஒரு 'டக்' வருகிறது.

காருகுறிச்சி அருணாசலத்தின் வாசிப்பைச் செங்கோட்டை ரயிலில், அந்தக் காருகுறிச்சி ஸ்டேஷன் கடக்கும்போதே கேட்க வேண்டும் என்பது எனக்கு ஒரு பைத்தியம். சரியாக அந்த இடத்தில் 'டக்' வந்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

ஒரே மூச்சாக வாசித்ததை விற்பனைக்காக இரண்டு மூன்று கோப்பாக வெட்டியிருக்கிறார்கள். எம்.பி.3 ஒலியை 1,152 மாதிரிகள் (ஒலியின் நுண்ணிய அளவீடுகள்) கொண்ட கட்டுகளாகத்தான் கட்டும். கோப்பின் முதலிலும் முடிவிலும் கட்டு நிரம்பாத இடத்தை மௌனத்தால் நிரப்புகிறது. அந்த மௌனம்தான் 'டக்'. இடைவெளியில்லாமல் பாடும் வசதியுள்ள செயலியில் அந்த அமைப்பை இயக்கினால் பெரும்பாலும் போய்விடும். ஃபிளாக்கில் இந்தச் சிக்கல் கோப்பிலேயே இல்லை. காருக்கு என்றால், ஃபிளாக் துண்டுகளை ஒன்றாக ஒட்டி, ஒரே நீண்ட எம்.பி.3 ஆக்கிக்கொள்வதுதான் நான் செய்வது. நாற்பது நிமிடக் கோப்பு ஆகிவிடுமே என்கிறார்கள். நாதஸ்வரம் கேட்கிறவர் நடுவில் எதற்குத் தாண்ட வேண்டும்?

புளூடூத் பெட்டிக்கு எந்த வகைக் கோப்பு வேண்டும்?

எதுவும் போதும். போன்தான் கோப்பைத் திறந்து, ஒலியை மறுபடி சுருக்கிப் பெட்டிக்கு அனுப்புகிறது. காரின் பென் டிரைவ் தகராறு எல்லாவற்றுக்கும் குறுக்கு வழியும் இதுவே.

வாங்கிய பாட்டை வீட்டில் மற்றவர்களுக்கும் கொடுக்கலாமா? கல்யாணத்தில் போடலாமா?

உங்கள் கருவிகளில் எத்தனை நகல் வைத்தாலும் யாரும் கேட்கப்போவதில்லை. சொந்த உபயோகத்துக்கான நியாயமான பயன்பாட்டைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு அனுமதிக்கிறது. ஆப்பிளில் குடும்பப் பகிர்வு மூலம் 6 பேர் வரை வாங்கியதைப் பகிரலாம். ஊருக்கெல்லாம் வாட்ஸ்அப்பில் அனுப்புவது வேறு. அங்கே ஒரு தகவல்: ஐடியூன்ஸில் வாங்கிய கோப்புக்குள் வாங்கியவரின் பெயரும் கணக்கு மின்னஞ்சலும் எழுதப்பட்டிருக்கும். மொய் நோட்டு மாதிரி, யார் வீட்டிலிருந்து வந்தது என்பது போகும் இடமெல்லாம் கூடவே போகும்.

கல்யாணம், அதையொட்டிய விசேஷங்கள், கோயில் சடங்கு இவற்றில் பாட்டுப் போடுவதற்கு அதே 52ஆம் பிரிவில் விலக்கு இருக்கிறது. ஓட்டலிலோ ஜவுளிக்கடையிலோ வாடிக்கையாளருக்குப் போட வேண்டுமானால் தனி உரிமம் வாங்க வேண்டும். பாட்டை வாங்கிய ரசீது அதற்குச் செல்லாது.

எல்லாம் சரி, கோப்புகளை எங்கே பத்திரமாக வைப்பது?

ஊருக்குப் புத்தி சொல்கிற நானே கோட்டை விட்ட இடம் இது. ஓர் ஐப்பசி மாதம் சாயங்காலம் இடி இறங்கியபோது கடைக் கம்ப்யூட்டரின் மின்கம்பியைப் பிடுங்க மறந்துவிட்டேன். மேஜைக்கு அடியில் ஒரு பொறி, அப்புறம் கருகிய வாசம். ஹார்டு டிஸ்க் போய்விட்டது. 'பத்திரமாக' நகலெடுத்து வைத்திருந்த இன்னொரு டிஸ்கும் அதே கம்ப்யூட்டரில்தான் செருகிக் கிடந்தது. சி.டி.களைத் திரும்ப ஒவ்வொன்றாகப் போட்டு எடுக்க எனக்கு ஒரு மழைக்காலம் முழுவதும் ஆயிற்று. தென்காசிச் சந்தையில் தேடி வாங்கிய நான்கு சி.டி.கள் பாசி பிடித்துப் படிக்கவே இல்லை.

அதிலிருந்து என் வழக்கம்: கம்ப்யூட்டரில் ஒன்று, வேலை முடிந்ததும் கழற்றி அலமாரியில் வைக்கும் வெளி டிஸ்கில் ஒன்று, கல்லிடைக்குறிச்சியில் அக்காள் வீட்டில் ஒன்று. பொங்கலுக்குப் போகும்போது அக்காள் வீட்டு டிஸ்கைப் புதுப்பிக்கிறேன். பென் டிரைவையும் மெமரி கார்டையும் காப்பு நகலாக நம்ப வேண்டாம், அவை பாடிக் கெடுவதற்கு.

உங்கள் கடைக்கு வந்தால் பாட்டு ஏற்றித் தருவீர்களா?

உங்கள் பாட்டைக் கொண்டுவந்தால், எந்தக் கருவிக்கு வேண்டுமோ அதற்கு ஏற்றபடி செய்து தருகிறேன். "ஏதாவது நல்ல பாட்டாக ஆயிரம் போட்டுக் கொடுங்கள்" என்றால் என்னிடம் இல்லை. வரும்போது பாட்டு வைத்திருக்கும் கருவி, அது போக வேண்டிய கருவி, இரண்டின் கேபிள், மூன்றையும் கொண்டுவாருங்கள். கார் என்றால் காரையே கொண்டுவாருங்கள், பென் டிரைவை மட்டும் கொடுத்தனுப்பாதீர்கள். கணக்கின் கடவுச்சொல்லை என்னிடம் சொல்ல வேண்டாம். நான் திரும்பி உட்கார்ந்துகொள்கிறேன், நீங்களே அடியுங்கள்.